பிளாப்பிக்கு எழுதிய பூட் செக்டாரைப் பென்டிரைவில் ஓட வைப்பது

கோவை கணபதியில் ஒரு பம்ப் பட்டறை. ஒரு பம்ப் எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்து ரிப்போர்ட் அடிக்கும் டெஸ்ட் பெஞ்ச் அங்கே உண்டு. அதை ஓட்டும் கம்ப்யூட்டரில் விண்டோஸும் கிடையாது, டாஸும் கிடையாது. தொண்ணூறுகளில் யாரோ ஒரு புண்ணியவான் பிளாப்பியின் முதல் செக்டாரில் (512 பைட் கொண்ட துண்டு) சொந்தமாக பூட் கோட் எழுதி, அது நேராகத் தன் புரோகிராமை ஏற்றும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறார். சீரியல் போர்ட்டில் மீட்டர்களோடு பேசும், பிரின்டரில் அடிக்கும், அவ்வளவுதான். சுவிட்ச் போட்டுப் பத்துப் பதினைந்து விநாடியில் மெனு வந்து நிற்குமாம்.

என்னிடம் வந்தபோது எதுவும் நிற்கவில்லை. பழைய போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பிப்போயிருந்தன. மூன்று பிளாப்பிகளில் இரண்டு செத்துவிட்டன. மூன்றாவதைப் பட்டறைக்காரர் செய்தித்தாளில் சுற்றி, என் மேசையில் பதமாக வைத்தார். "இது போச்சுன்னா ரிப்போர்ட்டே குடுக்க முடியாதுங்க அம்மிணி. பென்டிரைவுல போட்டுக் குடுத்துருங்க" என்றார், கல்யாண போட்டோவைக் காப்பி போடச் சொல்வதுபோல.

காப்பி போட்டால் ஓடாது. ஏன் ஓடாது, என்னென்ன மாற்றினால் ஓடும் என்பதைத்தான் எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது பம்ப் பெஞ்ச் புரோகிராமாக இருக்க வேண்டியதில்லை. கல்லூரியில் செய்த குட்டி ஆப்பரேட்டிங் சிஸ்டமாக இருந்தாலும் சங்கதி ஒன்றே. ஹெக்ஸ் எண் வரும் இடத்தில் ஹெக்ஸ் என்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் நாம் வழக்கமாக எண்ணும் கணக்கு.

முதலில் சுலபமான வழிகளைப் பார்த்துவிடுங்கள். நானும் பார்த்தேன். பிளாப்பி டிரைவின் இடத்தில் பொருத்தி, பென்டிரைவைப் பிளாப்பியாகக் காட்டும் கோடெக் என்ற பெட்டி கிடைக்கிறது. எம்பிராய்டரி மெஷின்காரர்கள் நிறையப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். அதற்கு போர்டில் 34 பின் கனெக்டர் வேண்டும். நான் பட்டறைக்கு வாங்கிக் கொடுத்த பழைய கோர் 2 டுயோ பெட்டியில் சீரியல் போர்ட் இருந்தது, 34 பின் கனெக்டர் இல்லை. இன்னொரு வழி, சிஸ்லினக்ஸ் என்ற பூட் லோடரோடு வரும் மெம்டிஸ்க். பிளாப்பி இமேஜ் (பிளாப்பியின் செக்டார்களை அப்படியே நகல் எடுத்த ஒரு ஃபைல்) முழுவதையும் ராமில் ஏற்றி, அதையே பிளாப்பி என்று புரோகிராமை நம்ப வைக்கும். அருமையான வேலை. ஆனால் நம் புரோகிராம் மீட்டர்களின் திருத்த எண்களைப் பிளாப்பியின் கடைசி செக்டாரில் திரும்ப எழுதி வைக்கிறது. ராமில் எழுதினால் கரண்ட் போனதும் போச்சு. எதையும் திரும்ப எழுதாத புரோகிராம் உங்களுடையது என்றால் மெம்டிஸ்கைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் பழைய பயாஸ் முறைக்கு, அதாவது போர்டிலேயே இருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் பழைய புரோகிராமுக்கு. அதன் இடத்தில் வந்த யூஇஎஃப்ஐ மட்டும் உள்ள, பழைய பயாஸைப்போல நடிக்கும் சிஎஸ்எம் வசதி இல்லாத போர்டில் இந்த வழி செல்லவே செல்லாது.

பிளாப்பியைக் காப்பாற்றுதல்

யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியைக் கொண்டு இமேஜ் எடுத்தேன். 1.44 எம்பி பிளாப்பி என்றால் 80 டிராக், 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டார். ஆக 2880 செக்டார், 14,74,560 பைட். இமேஜ் ஃபைலின் அளவு இதே எண்ணாக இருக்க வேண்டும். மூன்றாவது பிளாப்பியில் பதினோரு செக்டார் படிக்கவில்லை. டிடிரெஸ்க்யூவில் ஒரு நல்ல குணம் உண்டு. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்ளும். அதே மேப் ஃபைலோடு, செத்ததாகச் சொன்ன மற்ற பிளாப்பிகளைச் செருகினால், விட்டுப்போன செக்டார்களை மட்டும் அவற்றிலிருந்து எடுத்து நிரப்பும். மூன்றும் ஒரே பிளாப்பியின் நகல்கள் என்பதால் இது செல்லும். செத்த இரண்டும் சேர்ந்து அந்தப் பதினொன்றையும் கொடுத்துவிட்டன. இமேஜை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திய பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

பூட் செக்டாரைப் பிரித்துப் படித்தல்

கம்ப்யூட்டர் கிளம்பியதும் பயாஸ், பூட் செய்ய வேண்டிய டிஸ்கின் முதல் 512 பைட்டை நினைவகத்தில் ஹெக்ஸ் 7சி00 என்ற இடத்தில் வைக்கும். கடைசி இரண்டு பைட் ஹெக்ஸ் 55, ஏஏ என்று இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அங்கே குதிக்கும். குதிக்கும்போது டிஎல் என்ற ரிஜிஸ்டரில் (சிபியுவுக்குள் எண் வைக்கும் குட்டி இடம், பின்னால் வரும் ஏஹெச், பிஎக்ஸ், சிஎஸ் போன்றவையும் அப்படித்தான்) டிரைவின் எண்ணை விட்டுச் செல்லும். பிளாப்பி என்றால் 0, ஹார்ட் டிஸ்க் என்றால் ஹெக்ஸ் 80. பென்டிரைவைப் பெரும்பாலான பயாஸ்கள் ஹார்ட் டிஸ்க் என்றே காட்டும். சில, பிளாப்பி என்று காட்டும்.

சோர்ஸ் இல்லாததால் இமேஜின் முதல் 512 பைட்டை மட்டும் வெட்டி, நாஸ்ம் என்ற அசெம்ப்ளரோடு வரும், பைட்டுகளைக் கட்டளைகளாகத் திருப்பிக் காட்டும் என்டிஸ்ஆஸ்மில் கொடுத்தேன். தொடக்க முகவரி ஹெக்ஸ் 7சி00 என்று சொல்ல மறக்காதீர்கள், மறந்தால் எல்லாத் தாவல்களும் தப்பான முகவரியைக் காட்டும். 512 பைட்தான், ஒரு டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று டீ ஆனது.

அதில் தெரிந்தது இது. ஒன்று, டிஎல்லில் பயாஸ் கொடுத்த எண்ணைக் கண்டுகொள்ளாமல், இதை எழுதியவர் தானே டிஎல்லில் 0 போட்டுவிடுகிறார். பைட்டில் பார்த்தால் பி2 00. இரண்டு, டிஸ்க் வேலைக்கான பயாஸ் அழைப்பான இன்டரப்ட் ஹெக்ஸ் 13ஐ ஏஹெச்சில் 2 வைத்துக் கூப்பிட்டு, டிராக், ஹெட், செக்டார் என்ற மூன்று எண்களால் படிக்கிறார். செக்டார் 18ஐத் தாண்டினால் ஹெட்டை மாற்று, ஹெட் 1ஐத் தாண்டினால் டிராக்கைக் கூட்டு. மூன்று, மொத்தம் 60 செக்டார், அதாவது 30 கேபி, ஹெக்ஸ் 1000 என்ற செக்மென்டில் (நினைவக முகவரியின் முதல் பாதி, மறுபாதி ஆஃப்செட்) ஏற்றிவிட்டு அங்கே குதிக்கிறார். நாலு, படிக்க முடியாவிட்டால் ரீசெட் செய்து மறுபடி படிக்கிறார், எத்தனை தடவை என்ற கணக்கே இல்லாமல்.

இமேஜை அப்படியே பென்டிரைவில் எழுதினால் என்ன ஆகும் என்று இப்போது புரியும். கோட் ஏறும். இல்லாத பிளாப்பியைக் கேட்கும், கிடைக்காது, ரீசெட், மறுபடி கேட்கும். கர்சர் இருட்டில் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

பி2 00ஐ பி2 80 என்று மாற்றினால் போதாதா? நானும் அந்த ஆசையில் மாற்றி, கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரைப்போல நடிக்கும் கியூஎமுவில் ஹார்ட் டிஸ்காகக் கொடுத்து ஓட்டினேன். தலைப்பு அழகாக வந்தது. மெனு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பாதி வெற்றிதான் ஆளை ஏமாற்றும், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிளாப்பியில் முதல் டிராக்கின் முதல் பக்கத்தில் 18 செக்டார். பூட் செக்டார் போக மீதி 17. ஹார்ட் டிஸ்கிலும் முதல் 17 அதே வரிசையில்தான் இருக்கும், ஆகவே 8704 பைட் சரியாக வந்துவிட்டது. தலைப்பு அதற்குள் அடங்கியிருந்தது. அடுத்து அவர் கேட்பது ஹெட் 1, செக்டார் 1. பிளாப்பியில் அது வரிசைப்படி 18ஆவது, பூட் செக்டாரை 0 என்று வைத்து எண்ணினால். ஹார்ட் டிஸ்கில் டிராக்குக்கு 63 செக்டார், ஆகவே அதே முகவரி 63ஆவது செக்டார். அடுத்த டிராக்குக்குப் போனால் இன்னும் மோசம். பிளாப்பியில் 36ஆக இருக்க வேண்டியது, 16 ஹெட் உள்ள கணக்கில் 1008, 255 ஹெட் உள்ள கணக்கில் 16065. அங்கே வெறும் சுழியங்கள்தான் கிடந்தன. 00 00 என்பதும் சிபியுவுக்கு முறையான ஒரு கூட்டல் கட்டளை என்பதால், அது முகம் சுளிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. எர்ரர் வரவில்லை என்பதால் சரியாகப் படித்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இந்த 18 விவகாரம் பெரியவர்களையும் விட்டதில்லை. லினக்ஸ் கெர்னல் 2.4 வரை தன்னைத் தானே பிளாப்பியிலிருந்து ஏற்றிக்கொள்ளும் பூட் செக்டாரைச் சுமந்துகொண்டிருந்தது. டிராக்குக்கு எத்தனை செக்டார் என்று தெரியாமல் 36, 18, 15, 9 என்று வரிசையாகப் படித்துப் பார்த்து, எது படிகிறதோ அதுதான் கணக்கு என்று வைத்துக்கொள்ளும். 2.6இல் அதைத் தூக்கிவிட்டு, பூட் லோடரைப் பயன்படுத்துங்கள் என்று ஒரு செய்தியை மட்டும் வைத்தார்கள். நம் வேலைக்கு அந்த ஊகமும் வேண்டாம், இந்த மூன்று எண்களே வேண்டாம்.

புதிய பூட் செக்டார்

பழைய 512 பைட்டை ஒட்டுப்போடுவதைவிடப் புதிதாக எழுதுவது சுலபம். நாஸ்மில் எழுதினேன். வரிசை இதுதான்.

தொடக்கத்தில் ஒரு குட்டித் தாவல், பிறகு ஒரு நாப் (எதுவும் செய்யாத கட்டளை), பிறகு 59 பைட் வெற்றிடம். முதல் மூன்று பைட் ஹெக்ஸில் இபி, 3சி, 90 என்று வரும். உண்மையான கோட் 62ஆவது பைட்டில் தொடங்கும். ஏன் இந்த இடைவெளி என்று பின்னால் சொல்கிறேன், அதற்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருக்கிறேன்.

62ஆவது பைட்டில் முதல் வேலை, தொலைதூரத் தாவல் ஒன்றால் சிஎஸ்ஸை 0 ஆக்குவது. சில பயாஸ்கள் 0000:7சி00 என்று குதிக்கும், சில 07சி0:0000 என்று குதிக்கும். இரண்டும் ஒரே இடம்தான், ஆனால் சிஎஸ் வேறு. அதன் பின் டிஎஸ், இஎஸ், எஸ்எஸ் மூன்றையும் 0 ஆக்கி, எஸ்பியில் ஹெக்ஸ் 7சி00 வைத்துவிடுங்கள். ஸ்டேக், அதாவது தற்காலிகமாக எண்களை அடுக்கும் இடம், கீழ்நோக்கி வளரும், நம் கோடைத் தொடாது. திசைக் கொடியையும் (கொடி என்பது சிபியுவில் ஒற்றை பிட் குறி) துடைத்துவிடுங்கள். பயாஸ் எதை எப்படி விட்டுச் சென்றிருக்கும் என்று நம்பக்கூடாது, டிஎல் ஒன்றைத் தவிர. அதை உடனே ஒரு பைட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு டிரைவ் எண் வேண்டிய இடமெல்லாம் அந்தப் பைட்தான். 80 என்று கையால் எழுதினால், முன்னவர் செய்த தவறை நாமும் வேறு எண்ணில் செய்கிறோம், அவ்வளவே.

இதற்கிடையில் ஒவ்வொரு கட்டத்திலும் திரையில் ஓர் எண்ணை அச்சிடுங்கள். ஏஹெச்சில் ஹெக்ஸ் 0இ, ஏஎல்லில் எழுத்து, இன்டரப்ட் ஹெக்ஸ் 10. அவ்வளவுதான் செலவு. உள்ளே வந்தால் 1, பெரிய டிஸ்க் வசதி இருந்தால் 2, படிக்கத் தொடங்கினால் 3, படித்து முடித்தால் 4, புரோகிராமுக்குள் குதிக்கும் முன் 5. டிபக்கர் இல்லாத இடத்தில் இந்த ஐந்து எண்தான் துணை.

அந்தப் பெரிய டிஸ்க் வசதியைக் கேட்பது இப்படி. ஏஹெச்சில் ஹெக்ஸ் 41, பிஎக்ஸில் 55ஏஏ, டிஎல்லில் நாம் எடுத்து வைத்த எண். கேரி கொடி இறங்கியிருந்து, பிஎக்ஸ் தலைகீழாக ஏஏ55 என்று திரும்பி வந்து, சிஎக்ஸின் கடைசி பிட் 1 என்று இருந்தால் வசதி உண்டு. இனி டிராக், ஹெட் எதுவும் வேண்டாம், எத்தனையாவது செக்டார் என்ற ஒரே எண் போதும்.

படிக்க, 16 பைட் கொண்ட ஒரு சீட்டு எழுத வேண்டும். முதல் பைட் 16, சீட்டின் நீளம். இரண்டாவது 0. அடுத்த இரண்டு பைட், எத்தனை செக்டார். அடுத்த இரண்டு, வைக்க வேண்டிய இடத்தின் ஆஃப்செட், அதற்கடுத்த இரண்டு செக்மென்ட். இந்த வரிசை முக்கியம், ஆஃப்செட்தான் முதலில். மிச்சம் எட்டு பைட், எத்தனையாவது செக்டார் என்ற எண். சீட்டின் முகவரியை டிஎஸ்:எஸ்ஐயில் வைத்து, ஏஹெச்சில் ஹெக்ஸ் 42 போட்டு இன்டரப்ட் 13ஐக் கூப்பிட்டால் வேலை முடிந்தது.

60 செக்டாரையும் ஒரே சீட்டில் கேட்கலாம். ஒரு அழைப்புக்கு 127 வரை பெரும்பாலும் தாங்கும். நான் ஒவ்வொன்றாகத்தான் கேட்டேன். ஒரு செக்டார் ஏறியதும் சீட்டில் செக்டார் எண்ணை 1 கூட்டு, செக்மென்டை 32 கூட்டு. ஒரு செக்மென்ட் படி 16 பைட், 32 படி 512 பைட். தோற்றால் அந்த ஒரு செக்டாரை மட்டும் ஐந்து முறை முயன்றுவிட்டு, ஏஹெச்சில் வரும் பிழை எண்ணைத் திரையில் காட்டி நின்றுவிட வேண்டும். ஹெக்ஸ் 01 என்றால் நாம் கேட்டதே தப்பு, 04 என்றால் செக்டார் இல்லை, 80 என்றால் டிரைவ் பதிலே சொல்லவில்லை. முன்னவர்போல முடிவில்லாமல் முயல்வது வேண்டாம். எதிரே நிற்பவர் பம்ப் பட்டறைக்காரர், அவருக்கு ஏதாவது ஓர் எண் தெரிந்தால் எனக்கு போனில் சொல்வார்.

ஹெக்ஸ் 41க்குப் பதில் வராவிட்டால், பயாஸ் பென்டிரைவைப் பிளாப்பியாகக் காட்டுகிறது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். அப்போது ஏஹெச்சில் 8 வைத்துக் கேட்டால் டிராக்குக்கு எத்தனை செக்டார், எத்தனை ஹெட் என்று சொல்லும். அந்த எண்களால் வகுத்து முகவரி செய்துகொள்ளலாம். செக்டார் எண்ணை டிராக்கின் செக்டார் கணக்கால் வகுத்து வரும் மீதியோடு 1 கூட்டினால் செக்டார். ஈவை ஹெட் எண்ணிக்கையால் வகுத்தால் மீதி ஹெட், ஈவு டிராக். 40ஆவது செக்டாரை 18, 2 என்ற கணக்கில் பார்த்தால் டிராக் 1, ஹெட் 0, செக்டார் 5. அதே 40, 63 கணக்கில் டிராக் 0, ஹெட் 0, செக்டார் 41. என் பெட்டியில் ஹெக்ஸ் 41 பதில் சொன்னதால் இந்தப் பகுதியை எழுதாமல் விட்டேன்.

வீட்டில் ஓடியது, பட்டறையில் ஓடவில்லை

கியூஎமுவில் 12345 என்று வரிசையாக வந்து, மெனுவும் வந்தது. பெருமையோடு பட்டறைக்குப் போனேன். பென்டிரைவைச் செருகினால் பயாஸின் பூட் பட்டியலில் அதன் பெயரே இல்லை.

காரணம் பார்ட்டிஷன் டேபிள். முதல் செக்டாரில் 446ஆவது பைட்டிலிருந்து 64 பைட், நாலு பார்ட்டிஷன்களுக்கான இடம். அங்கே ஆக்டிவ் என்று குறித்த ஒரு பார்ட்டிஷனாவது தென்படாவிட்டால் சில பயாஸ்கள் இதை ஹார்ட் டிஸ்க் என்று ஒப்புக்கொள்வதில்லை. என் பூட் செக்டாரில் அந்த இடம் காலி. ஆகவே கோட் 446 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது முதல் பாடம். டேபிளை நான் கையால் எழுதவில்லை, பார்ட்டிஷன் பிரிக்கும் எஃப்டிஸ்க் கருவியிடமே விட்டேன். பழைய டாஸ் வகை டேபிள் வேண்டும். புதிய வகையான ஜிபிடி வேண்டாம், அது செக்டார் 1லிருந்து தன் சாமான்களைப் பரப்பி வைக்கும், நம் புரோகிராமும் அங்கேதான் உட்கார வேண்டும். பார்ட்டிஷனை வழக்கமான 2048இல் தொடங்காமல் 4096இல் தொடங்கினேன். 2880 செக்டார் கொண்ட பிளாப்பி முழுவதும் அதற்கு முன்னாலேயே அடங்கிவிடும். இதில் ஒரு லாபமும் உண்டு. யாராவது இந்தப் பென்டிரைவை விண்டோஸில் செருகி, ஃபார்மேட் செய்யவா என்று அது கேட்டு, இவர்களும் சரி என்று தட்டிவிட்டால்கூட 4096க்குப் பிறகுதான் அழியும். இது வெறும் கற்பனை இல்லை, ஒரே மாதத்தில் நடந்தது.

டேபிள் போட்டதும் பட்டியலில் பெயர் வந்தது. பூட் செய்தால் 1கூட வரவில்லை. கியூஎமுவில் இதே பென்டிரைவ் அட்சரம் பிசகாமல் ஓடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனது இங்கேதான். அப்போது என் கோட் முதல் பைட்டிலேயே தொடங்கியிருந்தது, 62 பைட் இடைவெளி இல்லை. கடைசியில், முதல் 62 பைட்டை நினைவகத்திலிருந்து எடுத்து ஹெக்ஸாகத் திரையில் காட்டும் ஒரு சின்ன செக்டார் எழுதினேன். அந்தக் கோடையே 100ஆவது பைட்டுக்கு அப்பால் வைத்தேன். திரையில் 24ஆவது பைட்டிலிருந்து 3எஃப் 00 எஃப்எஃப் 00 என்று இருந்தது. நான் எழுதியது அதுவல்ல. 3எஃப் என்றால் 63, எஃப்எஃப் என்றால் 255. டாஸ் வகை டிஸ்கில் டிராக்குக்கு எத்தனை செக்டார், எத்தனை ஹெட் என்று குறித்து வைக்கும் இடம் அது. இந்த பயாஸ், செக்டாரை ஏற்றிவிட்டு, குதிக்கும் முன் அந்த இடத்தில் தன் கணக்கை எழுதுகிறது. அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. என் கோடின் நடுவில் நாலு பைட் சோறும் சாம்பாருமாகக் கலந்துவிட்டது. கியூஎமுவில் உள்ள சீபயாஸ் இப்படிச் செய்வதில்லை.

அதனால்தான் தாவலும் 59 பைட் வெற்றிடமும். பயாஸ் எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும். 446இல் 62 போனால் 384 பைட் மிச்சம், நமக்கு அது தாராளம்.

புரோகிராமின் சொந்த அழைப்புகள்

பூட் ஆகிவிட்டால் முடிந்தது என்று பலர் விட்டுவிடுவார்கள். ஏறிய புரோகிராமும் டிஸ்கோடு பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். இன்டரப்ட் 13ஐக் கூப்பிடும் கட்டளை பைட்டில் சிடி 13. பழைய பூட் செக்டார் போக, இமேஜில் அந்த ஜோடியைத் தேடினேன், மூன்று இடத்தில் இருந்தது. என்டிஸ்ஆஸ்மில் சுற்றுப்புறத்தோடு பார்த்தால் ஒன்று வெறும் எண் அட்டவணையில் தற்செயலாக விழுந்த ஜோடி. அதைத் தொட்டிருந்தால் ஏதோ ஒரு பம்ப் ரிப்போர்ட்டில் கணக்கு தப்பியிருக்கும். மற்ற இரண்டில் ஒன்று திருத்த எண்களைப் படிப்பது, இன்னொன்று எழுதுவது. இடம் டிராக் 79, ஹெட் 1, செக்டார் 18, பிளாப்பியின் கடைசி மூலை.

இரண்டு பைட் இடத்தில் புதிய கோட் எதுவும் எழுத முடியாது. ஆனால் சிடி 13ஐ சிடி 60 என்று மாற்றலாம், அளவு மாறாது. ஹெக்ஸ் 60லிருந்து 67 வரை உள்ள இன்டரப்ட்கள் நம்மைப்போன்றவர்களின் சொந்த உபயோகத்துக்கு விட்டவை. பூட் செக்டாரிலேயே ஒரு சின்ன ரொட்டீன் எழுதி, அதன் முகவரியை இன்டரப்ட் 60க்கு உரிய இடத்தில் வைத்தேன். ஓர் இன்டரப்டுக்கு நாலு பைட், ஹெக்ஸ் 60 என்றால் 96, நாலால் பெருக்கினால் 384ஆவது பைட். மேலே மிச்சமான 384க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எனக்கும் முதலில் குழப்பமாகத்தான் இருந்தது.

ரொட்டீன் செய்வது இது. டிராக்கை 2ஆல் பெருக்கி, ஹெட்டைக் கூட்டி, 18ஆல் பெருக்கி, செக்டாரில் 1 குறைத்துக் கூட்டு. 79, 1, 18 என்றால் 2879, சரியாகக் கடைசி செக்டார். அதைச் சீட்டில் எழுது, இஎஸ்ஸையும் பிஎக்ஸையும் சீட்டில் எழுது. ஏஹெச்சோடு ஹெக்ஸ் 40 கூட்டு. 2 படிப்பது, 42உம் படிப்பது. 3 எழுதுவது, 43உம் எழுதுவது. யார் வடிவமைத்தார்களோ, நல்ல மனசு. ஏஎல்லை 0 ஆக்கிவிட்டு, எடுத்து வைத்த டிரைவ் எண்ணை டிஎல்லில் போட்டு, உண்மையான இன்டரப்ட் 13ஐக் கூப்பிடு. புரோகிராமின் டிஎஸ் வேறு என்பதால் அதை முதலில் ஸ்டேக்கில் தள்ளி, முடிந்ததும் எடுத்து வைக்க வேண்டும். எஸ்ஐயும் அப்படியே.

திரும்பும்போது, இன்டரப்டிலிருந்து திரும்ப வழக்கமாகப் போடும் ஐரெட் கட்டளையைப் போடாதீர்கள். ஐரெட், அழைத்தபோது இருந்த கொடிகளை ஸ்டேக்கிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்துவிடும், பயாஸ் ஏற்றிவிட்ட கேரி கொடி தொலைந்துபோகும். டிஸ்க் தோற்றாலும் புரோகிராம் ஜெயித்ததாக நினைக்கும். இன்டரப்ட்களைத் திறந்துவிட்டு, ரெட்எஃப் 2 என்று திரும்ப வேண்டும். இந்த ரொட்டீன் 7சி00 பகுதியிலேயே தங்கும். புரோகிராம் அந்த இடத்தை மிதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுடையது மிதிக்கவில்லை.

எழுதுவது

இமேஜை டிஸ்கில் அப்படியே எழுதும் டிடி கட்டளையை டிஸ்க் டிஸ்ட்ராயர் என்று கிண்டல் செய்வார்கள். பென்டிரைவைச் செருகும் முன் ஒருமுறை, செருகிய பின் ஒருமுறை, டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே அடித்து, புதிதாக வந்தது எது, அளவு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஒரு முறை அவசரத்தில் என் பேக்கப் டிஸ்கின் தலையிலேயே எழுதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் எஃப்டிஸ்கில் பார்ட்டிஷன், ஆக்டிவ் கொடியோடு. அடுத்து பூட் செக்டாரின் முதல் 446 பைட் மட்டும். 512ஐயும் எழுதினால் இப்போது போட்ட டேபிள் போய்விடும், 55 ஏஏ ஏற்கெனவே எஃப்டிஸ்க் போட்டதுதான். கடைசியாக, இரண்டு இடத்தில் திருத்திய பிளாப்பி இமேஜ். அதன் முதல் செக்டாரை விட்டுவிட்டு, 2879 செக்டாரைப் பென்டிரைவின் செக்டார் 1லிருந்து எழுதுங்கள். டிடியில் ஸ்கிப் 1, சீக் 1. ஸ்கிப் என்பது உள்ளீட்டில் தாண்டுவது, சீக் என்பது வெளியீட்டில் தாண்டுவது. சின்க் முடியும்வரை பிடுங்காதீர்கள்.

இதே பென்டிரைவ் இமேஜை ஐடிஇ அடாப்டரில் செருகிய சிஎஃப் கார்டிலும் எழுதிப் பார்த்தேன், ஒரு பைட் மாற்றாமல் ஓடியது. டிரைவ் எண்ணையும் டிராக் கணக்கையும் கோடிலிருந்து எடுத்துவிட்டோம் அல்லவா. சிடியில் போட நினைத்தால் மட்டும் கவனம். சிடியிலிருந்து பூட் செய்யும், எமுலேஷன் இல்லாத எல் டொரிட்டோ முறையில் சிடியின் செக்டார் 2048 பைட், 512 இல்லை. செக்மென்டை 32க்குப் பதில் 128 கூட்ட வேண்டியிருக்கும், திரும்ப எழுதும் பேச்சுக்கே இடமில்லை.

பட்டறையில் இப்போது பென்டிரைவ் பெட்டிக்குள்ளேயே, போர்டில் உள்ள யூஎஸ்பி பின்னில் ஒரு வயர் வைத்து மாட்டியிருக்கிறது, வெளியே தெரியாது. இன்னொரு நகல் பட்டறைக்காரரின் கல்லாப் பெட்டியில். 12345ஐ எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், அவர் விடவில்லை. காலையில் சுவிட்ச் போட்டுவிட்டு, எண்கள் வரும்வரை கைகட்டி நின்று பார்க்கிறார். போன வாரம் போன் செய்தார். "அம்மிணி, இன்னைக்கு மூணோட நின்னுருச்சுங்க. பக்கத்துல எம்பது போட்டுருக்கு."

வயர் கழன்றிருந்தது.